அரைத் தலைக்கட்டு

முப்பத்தொரு பிடி சாமை மஞ்சள் துணியில் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு பிடி பாக்கி. அது என் கைக்குள் நசநசவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. தை மாதக் காலையில் எங்கள் மலையில் பல் தந்தியடிக்கும். எனக்கோ உள்ளங்கை வேர்த்தது.

துணிக்கு அந்தப் பக்கம் ஊர்த்தலைவரான பெரியவளவுப் பட்டக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் எங்கள் ஊத்துக்காட்டு ஆண்கள் முப்பத்தொரு பேர், தோள் துண்டை இறக்கிக் கையில் பிடித்தபடி நின்றார்கள். அவர்களில் முன்னால் நின்றவன் என் அண்ணன் வெள்ளையன். அத்தனை கண்ணும் என் கையின் மேல். கல்யாணத்தன்று வளையல் போட்டபோதுகூட என் கையை இத்தனை பேர் பார்த்ததில்லை.

"போடு அம்முணி" என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் போடவில்லை.

முப்பத்தொன்றரை

இந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "கொல்லிமலையில் எல்லோரும் ஒற்றுமையாக வாழ்வீர்களாமே, படிக்கவே ஆசையாக இருக்கிறது." அடேயப்பா! ஐயா, ஒரு தடவை எங்கள் ஊர்க்கூட்டத்துக்கு வந்து பாருங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வாருங்கள்.

ஊத்துக்காடும் பெரியவளவும் வழக்கத்தில் ஒரே ஊர். நடுவில் ஓர் ஓடை. அந்தக் கரையில், பெரியவளவில், கோயில் இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது, தார் ரோடு வந்து முடிகிறது, பஸ் திரும்புகிறது. இந்தக் கரையில் எங்களுக்கு மிளகுக் கொடி இருக்கிறது, மரவள்ளி இருக்கிறது, சாமைக்காடு இருக்கிறது. அப்புறம் நான் டீச்சராக இருக்கும் அங்கன்வாடி இருக்கிறது. அவ்வளவுதான்.

கோயில் நோன்புக்கு, அதாவது திருவிழாவுக்கு, வீட்டுக்கு ஒரு படி சாமை கொடுக்க வேண்டும். கல்யாணமான ஆண் நடத்துகிற வீடு ஒரு தலைக்கட்டு. புருஷன் இல்லாத பெண் நடத்துகிற வீடு அரைத் தலைக்கட்டு. அரைக்கு அரைப்படி. பிரசாதமும் அரைப் பங்கு. கூட்டத்தில் பேச்சு மட்டும் அரைகூடக் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. ஒரு முழுத் தலைக்கட்டை வீட்டை விட்டுக் கிளப்ப வேண்டுமானால் ஊர் கூடித்தான் சொல்ல வேண்டும், தனியாள் சொல்லி நடக்காது. அரைத் தலைக்கட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. நிலத்துக்காரன் "போ" என்றால் போக வேண்டியதுதான்.

ஊத்துக்காட்டில் முப்பத்தொன்றரைத் தலைக்கட்டு. அந்த அரை நான்தான்.

என் வீட்டில் என்ன அரை அடுப்பா எரிகிறது? மழை வந்தால் அரைக் கூரையா ஒழுகுகிறது? பதினோரு வருஷம் இதைக் கேட்டுப் பார்த்தேன். "வழக்கம் அப்படி" என்பதைத் தவிர ஒருத்தரும் ஒரு பதில் சொன்னதில்லை.

எங்கள் கரையில் சாமை வசூலிப்பவன் என் அண்ணன். கையில் ஒரு பித்தளை அரைப்படி, தோளில் சாக்கு. மற்ற வீடுகளில் அந்த அரைப்படியால் இரண்டு தடவை. என் வீட்டில் ஒரு தடவை விழுந்ததும் சாக்கின் வாயைச் சுருட்டிக்கொள்வான். சுருட்டும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டான். கூடப் பிறந்தவன்தானே, கூச்சம் இருக்காதா என்று முதல் வருஷம் நினைத்தேன். மூன்றாம் வருஷம் எனக்குக் கோபம்தான் வந்தது.

முள்ளுக்குறிச்சியில் நான்

அரையான கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம், வாசகர்களுக்குத் தூக்கம் வராது.

என்னை முள்ளுக்குறிச்சியில் கட்டிக் கொடுத்தார்கள். மலையிலிருந்து சமவெளிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். மாமியார் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராசம்மா என்ற என் பெயரை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "மலைக்காரி, தண்ணி கொண்டா." "மலைக்காரிக்கு ரசம் கூட்டத் தெரியாதுங்க." விருந்தாளி வந்தால் என்னைக் காட்டி, "இது மலையில இருந்து வந்ததுங்க" என்பார். பலாப்பழம்கூட மலையிலிருந்துதான் வந்தது. அதற்கு என்னைவிட மரியாதை கிடைத்தது.

புருஷன் அடிப்பார். அதிகம் எழுத ஒன்றுமில்லை.

ஒரு விடியற்காலை மஞ்சப்பையில் இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு மலை பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு குமட்டியது. மேலே இறங்கி, குழாயடியில் வாயைக் கொப்பளித்து, முகம் கழுவிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் முதுகு நிமிர்ந்திருந்தது. அன்றைக்குப் பிரிந்து வர நான் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை.

அப்புறம் அங்கன்வாடி வேலை கிடைத்தது. அப்பா விட்டுப்போன நிலத்தில், அண்ணன் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், என் சம்பளத்தில் இரண்டு அறை கட்டினேன். பட்டா அண்ணன் பெயரில்தான் இருந்தது. "எங்கடீ ஓடிப் போயிடப் போறேன்?" என்று அன்றைக்கு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஓடையில் வந்த வெள்ளம்

ஊத்துக்காடு பெரியவளவைப் பிரிந்து தனி ஊராவதை நான் எதிர்த்தேன் என்று இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பொய்.

அந்தத் தைக்கு முந்தின ஐப்பசியில் அண்ணன் மகள் பொன்னிக்கு வலி கண்டது. ஓடையில் இடுப்பளவுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் உருண்டு வந்தது. ஆம்புலன்ஸ் அக்கரையில், ரோடு முடிகிற இடத்தில், விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கிறது. எங்களுக்குப் பாலம் இல்லை. அக்கரையில் ஒரு துண்டு நிலம் விட்டால் பாலம் வரும் என்று அளந்துவிட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. பெரியவளவில் விடவில்லை. பாலம் வந்தால் பஸ்ஸும் ரேஷன் கடையும் எங்கள் பக்கம் நகர்ந்துவிடும் என்று அவர்களுக்குப் பயம்.

போர்வையில் தூளி கட்டி மூங்கிலில் கோத்துத் தூக்கினோம். முன்னால் அண்ணன், பின்னால் இரண்டு பேர், பக்கத்தில் பொன்னியின் கையைப் பிடித்தபடி நான். நடு ஓடையில் பொன்னி, "அத்தே, வந்திருச்சு அத்தே" என்று கத்தினாள்.

அக்கரை ஏறுவதற்குள் பிறந்துவிட்டது. அழவில்லை.

எத்தனையோ குழந்தைகளை எடை போட்டவள் நான். அந்தப் பிள்ளையை என் முந்தானையில் சுற்றி, பொன்னியின் நெஞ்சோரம் வைத்தேன். அண்ணன் குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி, பெரியவளவைப் பார்த்து வீசினான்.

அதற்குப் பிறகுதான் "தனி ஊர்" என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வந்தது. அதில் பெண்கள் யாரும் கிடையாது. பொன்னியும் கிடையாது.

பிடிமண்

பாலத்துக்கு மனு கொண்டுபோன இடத்தில் ஓர் ஆபீசர் சொன்னாராம், "முதல்ல நீங்க ஒரே ஊரா ரெண்டு ஊரான்னு முடிவு பண்ணிட்டு வாங்கய்யா. நீங்க வேணும்னு எழுதறீங்க, அதே ஊர்க்காரங்க வேண்டாம்னு எழுதறாங்க." அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது.

எங்கள் மலையில் ஓர் ஊர் தனி ஊராவது காகிதத்தில் நடப்பதில்லை. பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் வாங்கி வந்து, சொந்தக் கரையில் சாமிக்கல் நட்டுக் கும்பிட வேண்டும். பிறகுதான் அது ஊர். அந்த மண்ணைப் பட்டக்காரர் கையால் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்க வேண்டுமானால், பிரிகிற ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வீட்டுக்கொரு பிடி சாமையை ஒரே துணியில் போட வேண்டும். ஒரு பிடி குறைந்தாலும் மண் கிடையாது.

சாமை போடுவதற்கு மூன்று நாளுக்கு முன்னால் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். நான் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தேன்.

"அம்முணி, உன்ற சாமையை எங்கிட்டக் குடுத்துரு. என்னுதோட சேர்த்துப் போட்டுக்கறேன்."

"ஏன், எனக்குக் கையில்லையா?"

"பொம்பளைங்க கல்லுக்கு முன்னால வாரதில்லைன்னு தெரியாதா உனக்கு?"

"நானே போடறேன்ணா. அரையாப் போட மாட்டேன். புது ஊருல என்னை முழுத் தலைக்கட்டா எண்ணுறோம்னு கூட்டத்துல சொல்லுங்க. ஓடி வந்து போடறேன்."

அண்ணன் முகம் இறுகிவிட்டது. "பொம்பளை தலைக்கட்டு எந்த ஊருல இருக்குது? இன்னிக்கு உனக்குக் குடுத்தா நாளைக்கு நாலு பேரு கேப்பாளுக."

"கேக்கட்டுமே. பெரியவளவுக்காரன் நம்மளை மட்டமா நடத்தறான்னுதானே பிரியறோம்? அவன் உங்களுக்குப் பண்ணறதைத்தானே நீங்க எனக்குப் பண்ணறீங்க?"

"எம்பேத்தி செத்தது உனக்கு வெளையாட்டாப் போச்சா?"

 கரண்டியைக் கீழே வைத்தேன். "அவளைத் துணியில சுத்துனது நானு" என்றேன். 

அவன் எழுந்தான். வாசலில் நின்று, திரும்பாமல் சொன்னான்: "கூரை உன்னுது. அடியில இருக்கற மண்ணு என்னுது. அன்னிக்கு ஏதாச்சும் வம்பு பண்ணினே, ஊட்டைக் காலி பண்ணிட்டுப் போயிரு."

களி அடிபிடித்துவிட்டது. தின்னவும் பிடிக்கவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை. அந்த மூன்று நாளும் அறையின் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

துணிக்கு முன்னால்

அன்று காலை பெரியவளவுக் கோயிலில், பெண்களோடு பலாமரத்தடியில்தான் நின்றேன். முந்தானையில் ஒரு பிடி சாமை முடிந்து வைத்திருந்தேன். போடுவதா வேண்டாமா என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாது.

ஆண்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். அண்ணன் கடைசி. "இது எனக்கும் எந்தங்கச்சிக்கும் சேர்த்து" என்று சொல்லிப் போட்டான்.

பட்டக்காரர் சிரித்தார். எப்போதும் இனிக்க இனிக்கத்தான் பேசுவார். பெரியவளவுக்காரர்களே அவரிடம் ஜாக்கிரதையாக இருப்பார்கள்.

"அதெப்படி வெள்ளையா? அரைக்கும் கையி இருக்குதல்ல. எங்க தாத்தா காலத்துல ஒரு ஊரு இப்படித்தான் மண்ணுக் கேட்டு வந்துச்சாமா. ஒரு கெழவி போடலை. மண்ணைக் குடுக்காம அனுப்பிட்டாரு. டீச்சரைக் கூப்பிடுங்க."

ஆக, கல்லுக்கு முன்னால் வரக்கூடாதவளை அவரே கூப்பிட்டுவிட்டார். போனேன். முடிச்சை அவிழ்த்துச் சாமையைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அண்ணன் "போடு அம்முணி" என்றான்.

"முழுத் தலைக்கட்டுன்னு சொல்லுங்க, போடறேன்" என்றேன். என் குரல் எனக்கே எட்டத்தில் கேட்டது.

சலசலப்பு எழுந்தது. "நேரம் பார்த்து அறுக்கறா பாரு" என்றார் ஒருவர். "ஊரு பெருசா இவ பெருசா?" என்றார் இன்னொருவர். பின்னாலிருந்து நங்கை, அதாவது அண்ணன் மனைவி, "சாமி, போட்டுரு சாமி, பொன்னிக்காகப் போட்டுரு" என்று அழுதாள். பொன்னியைத் தேடினேன். பலாமரத்தில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

அண்ணன் ஓர் அடி முன்னால் வந்தான். "இன்னிக்குச் சாயங்காலம் உன்ற சாமானெல்லாம் வெளிய கெடக்கும்" என்றான். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

 

பட்டக்காரருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஏங்கண்ணு நீ அங்க கெடந்து அவதிப்படறே? எங்களோடயே இருந்துக்க. இந்தக் கரையில உனக்கு மனை தாரேன். முழுத் தலைக்கட்டா எண்ணிக்கறேன். நான் சொன்னா எவன் கேப்பான்?"

 நான் அந்தப் பக்கம் சாய்ந்தால் மண் இல்லை, ஊர் இல்லை, பாலம் இல்லை. பதினோரு வருஷம் நான் கேட்டதையெல்லாம் அந்த மனுஷர் ஒரே மூச்சில் தட்டில் வைத்து நீட்டுகிறார். வீட்டுமனையும் சேர்த்து! ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆசைப்பட்டேன். அண்ணன் மேல் இருந்த ஆத்திரத்துக்கு அப்படியே போய்விடலாம் என்றுகூட இருந்தது.

ஆனால் அவருக்குப் பின்னால் ஓடை தெரிந்தது. தை மாதத்தில் கணுக்கால் தண்ணீர்தான். கல்லுக்குக் கல் தாவிப் போகலாம். ஐப்பசியில் அது எப்படி இருந்தது என்று என் கைக்குத் தெரியும்.

"நெசமாவா மாமா? முழுசா எண்ணுவீங்களா?"

"அட, பட்டக்காரன் சொல்லறேன்."

"வாயில சொன்னா நாளைக்கு மறந்து போயிருமுங்க. சூடம் பத்தவெச்சுச் சொல்லுங்க."

எங்கள் மலையில் கல்லின் மேல் சூடம் எரியும்போது சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. எடுத்தவன் குடும்பம் விளங்காது என்பார்கள். பட்டக்காரர் யோசிக்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. சூடத்தைப் பற்றவைத்தார். எழுந்து நின்று, அடித்தொண்டையில் சொன்னார்:

"இந்தக் கோயிலுக்கு, இன்னியில இருந்து, ராசம்மா முழுத் தலைக்கட்டு!"

பெரியவளவுக்காரர்கள் கைதட்டினார்கள். எங்கள் பக்கத்தில் யாரோ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

நான் குனிந்து, என் பிடிச் சாமையை மஞ்சள் துணியில் போட்டேன். விரலில் ஒட்டியிருந்ததையும் தட்டிவிட்டேன்.

"முழுத் தலைக்கட்டு போட்டாச்சுங்க மாமா. ஊத்துக்காடு பாக்கியில்லாம வந்திருக்குது. மண்ணைக் குடுங்க."

பட்டக்காரர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "என்ன புள்ள இது? எங்களோட இருக்கறேன்னுதானே..."

"எண்ணுறேன்னு நீங்க சொன்னீங்க, எண்ணிட்டீங்க. இருக்கறேன்னு நான் சொல்லலீங்களே."

அவர் சூடத்தைப் பார்த்தார். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.  பிறகு அவர் குனிந்து, கல்லடியில் ஒரு பிடி மண்ணை அள்ளிச் சாமையின் மேல் வைத்தார்.  

ஓடை தாண்டி

அண்ணன் அந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஓடை தாண்டியதும் ஒருவர் ஆரம்பித்தார்: "அவுங்க கோயிலுக்கு அவுங்க எண்ணுனது. நம்ம ஊருல அது செல்லாது."

நான் நின்றேன். "செல்லாதுன்னா நான் போட்ட பிடியும் செல்லாது. பிடி செல்லாதுன்னா மண்ணும் செல்லாது. இப்பவே திருப்பிக் குடுத்துட்டு வந்துருங்க. ஓடையில தண்ணி கம்மிதான்."

யாரும் திரும்பவில்லை. அண்ணன் நடந்துகொண்டே இருந்தான்.

சாயங்காலம் சாமான் வெளியே விழவில்லை. மறுநாளும் இல்லை. ஆனால் அவன் என்னோடு பேசவும் இல்லை. எங்கள் கரையில் கல் நட்டார்கள். தனி ஊர் என்று மனு போனது, ஆட்கள் வந்து அளந்தார்கள். பாலம் இன்னும் வரவில்லை, வரும் என்கிறார்கள். பொன்னி மட்டும் தினமும் அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போவாள். என் வாசலை அண்ணன் கடந்துபோகும் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: இன்றைக்குத்தான் சொல்லப்போகிறான், காலி பண்ணு என்று. ஆறேழு மாதம் அப்படியே போனது. கட்டின வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தேன்.

புது ஊரின் முதல் நோன்பு வந்தது. அண்ணன் சாக்கோடு வாசலுக்கு வந்து நின்றான்.  பித்தளை அரைப்படியை நீட்டினான்.

உள்ளே போய்ச் சாமைப் பானையைத் தூக்கிவந்தேன். அரைப்படியை நிரப்பி, தலை தட்டி, சாக்கில் போட்டேன். வேண்டுமென்றே அதோடு நிறுத்தினேன். என்னதான் செய்கிறான் பார்க்கலாம் என்றுதான். அரைப்படியை அவனிடம் நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. சாக்கின் வாயையும் சுருட்டவில்லை. இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்தபடியே நின்றான். சாமை வாங்க வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னொரு அரைப்படி பாக்கி அம்முணி" என்றான்.

அளந்து போட்டேன். அவசரத்தில் கொஞ்சம் வாசலில் சிந்திவிட்டது. அண்ணன் குனிந்து, மண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டான்.